விற்பவன் சொல்லக் கடவது யாது?

வாணிகத்திற் பொய் கூறுதல் குற்றம் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. பொய் கூறாமல், அதேவேளை அறிந்ததையும் கூறாமல் விற்பது குற்றமா என்பதே அறிஞர்களை நெடுங்காலம் பிரித்து நிறுத்திய வினா. கி.மு. 44இல் உரோம அறிஞர் சிசரோ, ஏதென்சு நகரிற் கல்வி பயின்றுகொண்டிருந்த தம் மகனுக்குக் கடமைகள் பற்றி ஒரு நூல் எழுதினார். அதன் மூன்றாம் பாகத்தில் ஒரு வழக்கு வருகிறது. றோட்ஸ் தீவிற் கடும் பஞ்சம். அலெக்சாந்திரியாவிலிருந்து வணிகன் ஒருவன் கப்பல் நிறையத் தானியத்துடன் அங்கு வந்து சேருகிறான். வேறு பல தானியக் கப்பல்களும் அத்தீவை நோக்கி வந்துகொண்டிருப்பதை அவன் வழியிற் கண்டிருக்கிறான். அதனை மக்களுக்குச் சொன்னால் விலை விழும். சொல்லாதுவிட்டாற் கேட்ட விலை கிடைக்கும். அவன் நல்லவன், மறைப்பது இழிவு எனத் தெரிந்தால் மறைக்கமாட்டான். அது இழிவுதானா என்பதே அவனுடைய ஐயம்.

இவ்வையத்துக்கு ஸ்டோயிக் மரபைச் சேர்ந்த மெய்யியலாளர் இருவர் கூறிய விடைகளைச் சிசரோ எதிரெதிரே நிறுத்துகிறார். பொருளின் குறைகளுட் சட்டம் சொல்லும்படி பணிப்பவற்றைச் சொல்லிவிட வேண்டும். அதற்கு மேல், பொய்யும் சூதும் இல்லாதவரை, விற்பவன் தன் பொருளுக்கு நல்ல விலை பெற முயல்வதில் தவறில்லை. சொல்லாதிருத்தல் வேறு, மறைத்தல் வேறு என்பது பபிலோனியரான டயோஜெனிசின் கட்சி. விற்பவன் அறிந்தது எதனையும் வாங்குபவன் அறியாதிருக்கலாகாது; மனிதர் ஒருவரோடொருவர் இயற்கையாற் பிணைக்கப்பட்டவர்கள்; அப்பிணைப்பைச் சந்தைக்கு வெளியே கழற்றி வைத்துவிட்டு வர முடியாது என்பது அவருடைய மாணாக்கர் அந்திபாத்தரின் கட்சி. சிசரோ மாணாக்கரின் பக்கம் நின்றார்.

இது நூலகத்தோடு முடிந்துபோன வழக்கன்று. பதுளையிலும் பண்டாரவளையிலும் வாகன விற்பனை நிலையங்களுக்கு ஊவாவின் தேயிலைத் தோட்டங்களிலிருந்து செல்லும் குடும்பங்கள் ஒவ்வொன்றும் அதே வழக்கின் ஒரு தரப்பாகவே உள்ளே நுழைகின்றன.

பசறை, லுணுகலை, மடுல்சீமை, நமுனுகுலை, ஹாலி-எல, தெமோதரை முதலிய பகுதித் தோட்டங்களிலிருந்து வாகனம் வாங்க வருபவர் பெரும்பாலும் தனியே வருவதில்லை. இளைஞனுடன் தந்தை வருவார், தாய்மாமன் வருவார், ‘வண்டியைப் பற்றித் தெரிந்தவர்’ என அழைத்துவரப்பட்ட சாரதி ஒருவரும் உடன் வருவார். கையில் இருப்பது பலவேளைகளில் தந்தையோ தாயோ ஓய்வுபெற்றபோது கிடைத்த ஊழியர் சேமலாப நிதிப் பணம். முப்பது, நாற்பது ஆண்டுகள் கொழுந்து பறித்தும் கவ்வாத்து வெட்டியும் சேர்ந்த தொகை அது. இரண்டாம் முறை வராது. இக்குடும்பம் கார் ஒன்றையோ முச்சக்கர வண்டியையோ விரும்புவதை ஆடம்பரம் என்று கருதுவோர் நகரத்தில் உளர். அவர்கள் இரவு பத்து மணிக்குப் பேறுகால வலி கண்ட ஒரு பெண்ணை மலையுச்சி லயத்திலிருந்து பதுளை வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டிய நிலையை எண்ணிப் பார்த்தவர்களாகத் தெரியவில்லை. தோட்டத்து லொறிக்கும், அதைத் தருவதற்குத் துரையின் அனுமதிக்கும் காத்திருந்த தலைமுறைகள் இங்கு உண்டு. லயத்தின் முன்னே நிற்கும் சொந்த வண்டி, யாரிடமும் கேளாமற் புறப்படலாம் என்பதன் அடையாளம். அத்துடன் அது தேயிலைக்கு வெளியே ஒரு பிழைப்பு. பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றிச் செல்லலாம், சந்தைக்கு மரக்கறி கொண்டுபோகலாம், வாடகைக்கு ஓடலாம். இத்தனையும் சேர்ந்தே அந்த ஆசையின் விலை உயர்ந்திருக்கிறது.

நிலையத்தில் வரவேற்பு நன்றாகவே இருக்கிறது. ஒரு காலத்தில் தோட்டத்து மனிதரைக் கண்ணாடிக் கதவுக்கு வெளியிலேயே நிறுத்தி வைத்த கடைகள் இருந்தன. இன்று நாற்காலி உண்டு, தேநீர் உண்டு, தமிழிற் பேசும் இளைஞன் ஒருவனும் உண்டு. அவனும் ஏதோவொரு தோட்டத்திற் பிறந்தவனாகவே பெரும்பாலும் இருப்பான். ‘நம்ம ஆள்’ என்ற எண்ணம் வந்தவர்களுக்கு உடனே உண்டாகிறது. அவன் வண்டியின் விலையை முதலிற் சொல்வதில்லை. “மாதம் எவ்வளவு கட்ட முடியும்?” என்றே கேட்கிறான். இவ்வினாவின் திறமை வியக்கத்தக்கது. விலை என்ன என்ற கேள்வி அந்தக் கணத்திலேயே அறையை விட்டு வெளியேறிவிடுகிறது. அதன்பின் நடக்கும் பேச்சு முழுவதும் மாதத் தவணையைச் சுற்றியே சுழல்கிறது. குடும்பம் தன் வரவை எண்ணி ஒரு தொகையைச் சொல்கிறது. அத்தொகைக்கு ஏற்ப ஆண்டுகளின் எண்ணிக்கை நீள்கிறது.

ஓர் எடுத்துக்காட்டு இதனைத் தெளிவாக்கும். கையிலிருந்த பணத்தை முற்பணமாகக் கட்டிய பின், பழைய சிறிய கார் ஒன்றுக்கு 600,000 ரூபா கடனாகத் தேவைப்படுகிறது எனக் கொள்க. வட்டி 14 வீதம், காலம் 5 ஆண்டு என்று சொல்லப்படுகிறது. ஆண்டொன்றுக்கு 84,000 ரூபா வீதம் ஐந்து ஆண்டுக்கு வட்டி 420,000. முதலும் வட்டியும் 1,020,000; அறுபது மாதங்களாற் பிரித்தால் மாதத் தவணை 17,000. கணக்கிற் பிழையில்லை. ஆயினும் முதல் மாதத்திலிருந்தே கடனின் ஒரு பகுதி திருப்பிக் கொடுக்கப்பட்டுக்கொண்டிருக்க, வட்டி மட்டும் ஐந்தாண்டும் முழுத் தொகைக்கே கணக்கிடப்படுகிறது. குறைந்துவரும் நிலுவையின் மீது கணக்கிட்டால் இது ஆண்டுக்கு 23 வீதத்துக்கும் மேற்பட்ட வட்டியாகும். முப்பது தவணைகளை ஒரு நாளும் தவறாமற் கட்டிய குடும்பம் 510,000 ரூபாவைச் செலுத்தியிருக்கும். பாதித் தூரம் வந்துவிட்டோம் என்று அது நம்பும். உண்மையில் முதலில் தீர்ந்தது ஏறத்தாழ 216,000 மட்டுமே. தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,000 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது 2021இல் என்பதையும், அதுவும் நெடுநாட் போராட்டத்தின் பின்னர் என்பதையும் உடன்வைத்து நோக்கினால் 17,000 என்ற எண்ணின் கனம் விளங்கும்.

ஒப்பந்தத்தின் தன்மை இன்னொன்று. 2000ஆம் ஆண்டின் 56ஆம் இலக்க நிதிக் குத்தகைச் சட்டத்தின்கீழ் நடைபெறும் கொடுக்கல்வாங்கலில் வண்டியின் உரிமையாளர் குத்தகைக் கம்பனியே. மாலையிட்டு, சக்கரத்தின்கீழ் எலுமிச்சம்பழம் வைத்து, கோவில் வாசலிற் பூசை செய்து வண்டியை எடுத்துச் செல்பவர் அதனைப் பயன்படுத்தும் உரிமை பெற்றவர் மட்டுமே. தவணை தவறினால் ஒப்பந்தத்தை முடித்து வண்டியை மீட்கக் கம்பனிக்கு வழியுண்டு. இவை யாவும் தாளில் எழுதப்பட்டுள்ளன. ஆனால் தாள் பெரும்பாலும் ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ இருக்கிறது. 1987இன் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது உண்மை. தனியார் கம்பனியின் மேசைவரை அதன் கை எட்டவில்லை. கையொப்பமிட வேண்டிய இடங்கள் பென்சிலாற் புள்ளடி இட்டுக் காட்டப்படுகின்றன.

இனி, அந்த விற்பனையாள இளைஞன் சொன்ன பொய் எது? தவணை 17,000 என்றான், அது மெய். வட்டி 14 வீதம் என்றான். அவ்வாறு கணக்கிடுவது வழக்கமே. டயோஜெனிஸ் அங்கு அமர்ந்திருந்தால் அவனைக் குற்றமற்றவன் என்று தீர்த்திருப்பார். ஆயினும் முழு நிகழ்வையும் அறிந்த எவரும் ‘இது நேர்மையான விற்பனை’ என்று எளிதிற் கூறார். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட உறுத்தலே ஆராயற்பாலது.

தமிழ் மரபு வாணிகத்தை இழிவாக நோக்கியதில்லை. பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் போற்றுமிடத்து, அவர்கள் மிகுதியாகக் கொள்ளாமையையும் குறைவாகக் கொடாமையையும் சிறப்பாக எடுத்துரைக்கிறது. வள்ளுவர், நடுவுநிலைமை அதிகாரத்தின் இறுதியில், பிறர் பொருளையும் தம் பொருள் போலப் பேணுவதே வாணிகருக்கு வாணிகமாவது என்ற கருத்தை வைத்தார். அவ்வறத்தின் கருவி துலாக்கோல். அக்கருவியின் ஒரு பண்பு அதிகம் கவனிக்கப்படுவதில்லை: கோல் இருவர் கண்ணுக்கும் முன்னே தொங்கியது. மிளகின் எடையை விற்பவன் கண்ட அளவுக்கு வாங்குபவனும் கண்டான். தவணை விற்பனையில் விற்கப்படுவது வண்டி மட்டுமன்று. காலமும் வட்டியும் சேர்ந்தே விற்கப்படுகின்றன. அவற்றை நிறுக்கும் கோல் ஒரு பக்கத்தின் கையில் மட்டுமே இருக்கிறது. பழைய அறம் கோலைச் சாய்க்காதே என்றது. புதிய சந்தையில் அதற்கு முன்னதாக ஒரு கடமை வந்து நிற்கிறது. அது கோலை மற்றவனுக்குக் காட்டுவது.

வண்டியின் குறைகளைப் பொறுத்தவரை வழக்கு இன்னும் எளிது. அடிமைகளையும் கால்நடைகளையும் விற்போர் அவற்றின் நோய்களையும் குறைகளையும் வெளிப்படுத்த வேண்டும் என உரோமச் சந்தைகளை மேற்பார்வை செய்த அதிகாரிகள் ஆணையிட்டனர். மனிதரை விற்ற சந்தையிலிருந்து இந்த அறம் பிறந்தது என்பது வரலாற்றின் கசப்பான வேடிக்கை. அவ்வாணையின் வழிவந்த பரிகாரங்கள் உரோம-டச்சுச் சட்டத்தின் மூலம் இலங்கைக்கும் வந்தன. ஆயின் அசையும் பொருள்களின் விற்பனையை 1896இன் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் ஆங்கில நெறிக்குள் கொண்டுவந்தது. வாங்குபவனே விழிப்பாயிருக்க வேண்டும் என்பது, சில விலக்குகளோடு, அந்நெறியின் தொடக்கம். 2003இன் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் தவறான எண்ணத்தை உண்டாக்கும் வாணிப நடத்தையைத் தடைசெய்து மறுபக்கம் நகர்ந்தது. ஓடிய தூரத்தைக் காட்டும் மானியைப் பின்னுக்குத் திருப்பி வைத்தல் ஏமாற்று என்பதற்குச் சட்டம்கூடத் தேவையில்லை. தேய்ந்த தடுப்பைப் பற்றி எதுவும் கேட்கப்படாததால் எதுவும் சொல்லாதிருத்தல்? சமவெளியில் அது பணநட்டமாக முடியலாம். பசறை வீதியின் வளைவுகளில், ஒரு பக்கம் மலையும் மறுபக்கம் பள்ளமுமாக இறங்கும் வண்டியில், அது வேறொன்றாக முடியும். தடுப்பு தேய்ந்ததென அறிந்தவன் அந்த வீதியையும் அறிவான்.

பொருளியலாளர் ஒருவர் இதே இடத்திற்கு வேறு வழியாக வந்தார். ஜோர்ஜ் அக்கர்லொவ் 1970இல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரைக்குப் பழைய கார்ச் சந்தையையே எடுத்துக்காட்டாகக் கொண்டார். காரின் உண்மை நிலை விற்பவனுக்குத் தெரியும், வாங்குபவனுக்குத் தெரியாது என்றால், வாங்குபவன் எல்லாக் காருக்கும் சராசரி விலையே தருவான், நல்ல காரை வைத்திருப்பவன் அவ்விலைக்கு விற்க மறுத்து விலகுவான், எஞ்சுவது பழுதானவையே. 2001இல் அவருக்கு நொபெல் பரிசு கிடைத்ததற்கு இவ்வாய்வு முக்கிய காரணம். மௌனம் வாங்குபவனை மட்டுமன்றி நேர்மையான விற்பனையாளனையும் சந்தையிலிருந்து துரத்துகிறது என்பது இதன் பொருள். நன்று. ஆனால் இது உண்மையைச் சொல்வது இலாபம் என்ற வாதம்; கடமை என்ற வாதமன்று.

இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை இம்மானுவேல் கான்ற் 1785இல் ஒரு கடைக்காரனைக் கொண்டு விளக்கினார். அனுபவமற்றவனிடமும் குழந்தையிடமும்கூட அதே விலையையே வாங்கும் கடைக்காரன் நேர்மையாக நடக்கிறான். ஆயின் பெயர் கெட்டால் வியாபாரம் குன்றும் என்பதற்காகவே அவன் அவ்வாறு நடந்தால் அச்செயலுக்கு ஒழுக்கப் பெறுமதி இல்லை. இவ்வேறுபாடு பலருக்கு நூற்பிடிவாதமாகத் தோன்றும். செயல் ஒன்றாயிருக்க நோக்கம் எதுவானால் என்ன என்பர். ஊவாத் தோட்டத்து வாடிக்கையாளரை முன்னிறுத்தினால் அது பிடிவாதமன்று என்பது புலனாகும். கான்றின் கடைக்காரனிடம் மக்கள் நாளையும் வருவர். சேமலாப நிதிப் பணத்துடன் வருபவர் வாழ்நாளில் ஒருமுறையே வருகிறார். அவரைத் திருப்திப்படுத்தி மீண்டும் வரவழைக்கும் தேவை கடைக்கு இல்லை. பெரட்டுக்களத்தில் செய்தி பரவும் என்பது மெய்தான்; ஆனால் வண்டியைப் பறிகொடுத்தவர் அதனைத் தம் அறியாமையாகக் கருதி வெட்கத்தால் வாய்திறவாதிருப்பதே பெருவழக்கு. எங்கே தன்னலம் நேர்மைக்குத் துணை வருவதில்லையோ, எங்கே ஏமாற்றுவது செலவற்றதோ, அங்கே கடமை தனித்து நிற்க வேண்டியிருக்கிறது. அந்த இடம் இதுவே.

இதற்கு எதிராக வலுவான தடை ஒன்று எழும். தோட்டத்து மக்களைச் சிறுபிள்ளைகள்போல் எண்ணுவது ஆகாது. தம் நன்மையைத் தாமே தீர்மானிக்கும் அறிவு அவர்களுக்கு உண்டு. விற்பவன் அவர்களுக்குக் காவலனாகப் புறப்பட்டால் அது பழைய துரைத்தனத்தின் புதிய வேடம். இத்தடை நியாயமானது. 1948இன் குடியுரிமைச் சட்டம் தொடங்கி, இம்மக்களுக்காகப் பிறர் தீர்மானித்தவற்றின் பட்டியல் நீளமானது. ‘உங்களுக்குக் கார் எதற்கு?’ என்று திருப்பி அனுப்பும் கடைக்காரன் நன்மை செய்வதாக எண்ணலாம். அவன் செய்வது அவமதிப்பு. 2017இல் இலங்கை மத்திய வங்கி முச்சக்கர வண்டிக்கு அதன் பெறுமதியின் 25 வீதத்துக்கு மேற்படாமலே கடன் வழங்கலாம் என வரையறுத்ததும் ஒருவகையில் இவ்வினாவுக்குள் அடங்கும். பின்னர் மாற்றப்பட்ட அவ்விதி, கடனில் மூழ்காமற் சிலரைக் காத்திருக்கலாம். முக்காற்பங்கு பணத்தைக் கையில் வைத்திருப்போருக்கு மட்டும் கதவைத் திறந்து வைத்ததும் அதுவே.

ஆயினும் இத்தடை மௌனத்துக்கு ஆதரவாகாது. அதற்கு எதிரான சாட்சியே ஆகும். ஒருவரைத் தீர்மானிக்கத் தகுதி உடையவர் எனக் கருதுபவன், தீர்மானிக்க வேண்டிய செய்தியை அவர்முன் வைப்பான். மொத்தம் பத்து இலட்சத்து இருபதாயிரம் என்று சொல்லாமல் மாதம் பதினேழாயிரம் என்று மட்டும் சொல்பவன், எதிரே இருப்பவரின் அறிவை மதிக்கவில்லை. அதைச் சுற்றி வழி தேடுகிறான். கதவடைத்து அனுப்புதலும், தேநீர் கொடுத்து மறைத்தலும் புறத்தில் எதிரெதிரானவை. மற்றவரைத் தீர்ப்புச் சொல்லும் மனிதராக ஏற்காமை இரண்டிலும் உண்டு. பின்னதில் உபசாரம் கூடுதல்.

மலையக வரலாற்றில் இதற்கு ஒரு முன்னோடி இருக்கிறது. கங்காணி முறையில் வந்த தொழிலாளி புறப்படும்போதே கடனாளியானான். கடலைக் கடந்த செலவு, அரிசி, கம்பளி எல்லாம் அவன் பெயரில் ஏறின. தோட்டத்தை விட்டு மாற விரும்பினால் அவனுடைய கடன் இவ்வளவு, அதைத் தீர்த்தால் விடுவிக்கப்படும் என்று எழுதிய ‘துண்டு’ வேண்டும். 1921இல் அத்துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. அன்றைய நிலையையும் இன்றைய வண்டிக் குத்தகையையும் ஒன்றெனக் கூறுவது மிகை. இன்று கையெழுத்திடுபவர் சுதந்திரமானவர், விரும்பி வந்தவர். எனினும் ஒரு கூறு மாறவில்லை. கணக்குப் புத்தகம் கடனாளிக்கு வாசிக்கத் தெரியாத மொழியில், மற்றவர் கையில் இருந்தது, இருக்கிறது. அன்று அப்புத்தகத்தை விளக்கியவர் கங்காணி. அவரும் அதே ஊர், அதே மொழி. நம்பிக்கைக்கு அதுவே காரணம், வருவாய்க்கும் அதுவே காரணம்.

மேசைக்கு அப்பால் இருக்கும் தமிழ் இளைஞனின் நிலையும் இங்கு எண்ணற்பாலது. அவன் பெறும் தரகு விற்ற வண்டிகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது. மொத்தத் தொகையைச் சொல்லி விற்பனையை இழந்தால் மாத இறுதியில் அவனே பதில் கூற வேண்டும். பழியை அவன் தலையில் மட்டும் சுமத்துவது எளிது, அவ்வளவுக்குத் தவறும்கூட. மௌனத்தைப் பயிற்றுவித்தது நிறுவனம். படிவத்தை அச்சிட்டது நிறுவனம். அவனுடைய தாய்மொழியைத் தேர்ந்து வேலைக்கு எடுத்ததும் நிறுவனமே. ஆனால் ‘நம்ம ஆள்’ என்ற சொல்லை ஏற்றுக்கொண்டு தேநீரை நீட்டியவன் அவன். அந்நம்பிக்கை நிறுவனத்தின் மீது வைக்கப்பட்டதன்று. ஆதலால் அவனுக்கு ஒரு தனிக் கடன் உண்டு. அதை நிறுவனத்தின் கணக்கிற் கழிக்க இயலாது.

வாங்குபவர் பக்கமும் முற்றிலும் தூயதன்று. வேறு கடன்களை மறைத்து, வருமானத்தைக் கூட்டிச் சொல்லிக் குத்தகை பெறுவோரும், நிலைமையை முழுதாய்ச் சொல்லாமல் அயலவரைப் பிணையாளராக்குவோரும் உளர். அந்திபாத்தரின் விதி அவர்களையும் கட்டும். இருப்பினும் கம்பனிக்கு விசாரித்தறியும் வழிகள் பல உண்டு. பிணைவைத்த அயலவருக்கு இல்லை. அங்கும் அறியாதவனிடம் மறைத்தலே பெரிய தவறாகிறது.

2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபின் பழைய வண்டிகள் வாங்கிய விலையிலும் கூடுதலாக விலைபோயின. 2022 ஏப்பிரலில் மத்திய வங்கி வட்டி வீதத்தை ஒரே நாளில் 7 வீதப் புள்ளிகளால் உயர்த்தியது. 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி மீண்டும் திறந்துவிடப்பட்டது. விலையும் கடனும் முன்னிலும் பெரியவை. சொல்லாமல் விடப்படுவதன் பெறுமதியும் அதற்கேற்பப் பெரியது.

எல்லாவற்றையும் சொல்லும் கடை விற்பனையை அடுத்த கடைக்கு இழக்கும் என்பது வணிகரின் இறுதி வாதம். பொது விதி ஒன்று வந்து எல்லாக் கடைகளையும் ஒருங்கே கட்டினால் அன்றி ஒருவன் மட்டும் எப்படிச் சொல்வது என்று அவர்கள் கேட்பதில் உண்மை உண்டு. மொத்தத் தொகை, குறைந்துவரும் நிலுவையின் மீதான வட்டி, தவணை தவறினால் நிகழ்வது ஆகிய மூன்றையும் வாங்குபவரின் மொழியில் ஒரே தாளில் எழுதி, கையொப்பத்துக்கு ஒரு நாள் முன்னதாகக் கொடுக்கும்படி விதித்தல் அரசுக்குப் பாரமான காரியமன்று. அத்தகைய விதி வரும்வரை என்ன செய்வது என்பதே றோட்ஸ் தீவு வணிகனின் பழைய கேள்வி. அவனுக்கும் பொது விதி எதுவும் இருக்கவில்லை. பின்னால் வந்துகொண்டிருந்த கப்பல்களை அவன் ஒருவனே கண்டிருந்தான். சொன்னால் அவனுக்கு உண்டாகும் நட்டத்தை அந்திபாத்தர் மறுக்கவில்லை. நட்டம் வரும் என்பதனாற் கடமை இல்லாமற்போகும் என்று மட்டும் அவர் ஒப்பவில்லை. முழுக் கணக்கையும் கேட்டபின் சில குடும்பங்கள் எழுந்து பசறைப் பேருந்துக்குத் திரும்பிச் செல்லும். சில, எல்லாம் தெரிந்தும், கையொப்பமிட்டு வண்டியை எடுக்கும். இரவில் வைத்தியசாலைக்குப் போகும் வழிக்கு அந்த விலை தகும் என்பது அவர்களுடைய தீர்ப்பாயிருக்கும்.